சார்ந்திருப்போர்

'விக்டோரியா 3' என்ற கணினி விளையாட்டில் பெண்ணியம் ஒரு தொழில்நுட்பம். ரயில்வே, தொலைபேசி, நைட்ரோகிளிசரின் போல அதையும் ஆராய்ச்சி செய்துதான் அடைய வேண்டும். பல்கலைக்கழகங்கள் கட்ட வேண்டும், அவற்றுக்குக் காகிதமும் சம்பளமும் கொடுக்க வேண்டும், பட்டியலில் அந்தப் பெயரைச் சொடுக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். எவ்வளவு காலம் பிடிக்கும் என்று திரையிலேயே கணக்குக் காட்டும். காலம் முடிந்ததும் ஓர் அறிவிப்பு வரும்: நாட்டுக்குப் பெண்ணியம் கிடைத்துவிட்டது. முதல் தடவை இதைப் பார்த்தபோது வாய்விட்டுச் சிரித்தேன்.

சிரித்துவிட்டுத் தொடர்ந்து ஆடினேன். இதுவரை நூற்றுக்கணக்கான மணிநேரம் ஆடியிருப்பேன். அந்த மகிழ்ச்சிக்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்கும் உத்தேசம் இல்லை. ஆனால் அது எதனால் ஆன மகிழ்ச்சி என்று பிரித்துப் பார்க்காமல் விடவும் முடியவில்லை.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்வீடனைச் சேர்ந்த பாரடாக்ஸ் நிறுவனம் 2022 அக்டோபரில் வெளியிட்டது. 1836-இல் தொடங்கி 1936-இல் முடியும் நூறு ஆண்டுகள். உலகின் எந்த நாட்டையும் எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் அரசர் அல்ல, தளபதியும் அல்ல. ஒரு நாட்டின் அரசாங்கம் என்று சொல்லலாமா, அதன் மூளை என்று சொல்லலாமா தெரியவில்லை. வரி போடுகிறீர்கள், ஆலை கட்டுகிறீர்கள், சட்டம் இயற்றுகிறீர்கள். இதன் பின்னால் இருக்கும் பேராசைதான் என்னை இழுத்தது. அந்தக் கால உலகின் ஏறத்தாழ நூறு கோடிப் பேரையும் இந்த விளையாட்டு கணக்கில் வைத்திருக்க முயல்கிறது. தொழில், பண்பாடு, மதம், வாழும் இடம் என்று குழு குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் என்ன சம்பாதிக்கிறது, என்ன வாங்கித் தின்கிறது, யார்மேல் கோபமாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது.

பேராசைக்குத் தகுந்த பழுதும் உண்டு. முதல் நாற்பது ஐம்பது ஆண்டுகள் ஆறு மாதிரி ஓடும். 1900-ஐத் தாண்டினால் நாள் நகர்வதே கண்ணுக்குத் தெரியும். என் மடிக்கணினியின் விசிறி அடுத்த அறைக்குக் கேட்கும். போர் இன்னும் மோசம். ஒரு போர்முனை திடீரென்று இரண்டாகப் பிளக்கும் அல்லது காணாமல் போகும். அதில் நின்ற படை, போர் நடந்துகொண்டிருக்கும்போதே மூட்டை கட்டி ஊருக்குத் திரும்பிவிடும். அது திரும்பி வருவதற்குள் எதிரி தலைநகரத்தில் இருப்பான். 2023 நவம்பரில் வந்த திருத்தப் பதிப்பில் படை முறையையே மாற்றி எழுதினார்கள். கொஞ்சம் தேவலாம். "இத்தனை ஓட்டை இருக்கிறதை எதுக்குடி கட்டிட்டு அழுற?" என்று தோழி கேட்டாள். நான் போருக்காக இதை ஆடுவதில்லை என்றேன். அது பாதி பதில்தான்.

மீதியைச் சொல்கிறேன். இரும்புச் சுரங்கம் ஒன்று கட்டுகிறேன். இரும்பு விலை இறங்குகிறது. கருவிப் பட்டறைக்கு லாபம் வருகிறது. அது ஆள் எடுக்கிறது. நிலக்கிழாரின் வயலில் கிடந்த குடியானவர்கள் பட்டறைக்குப் போகிறார்கள். அவர்கள் போனதும் நிலக்கிழாரின் வருமானம் குறைகிறது, கூடவே அரசியல் செல்வாக்கும் குறைகிறது. பத்து வருடம் அசையாத ஒரு சட்டம் அசைகிறது. எங்கோ ஓர் இரும்புச் சுரங்கத்தில் தொடங்கியது நாடாளுமன்றத்தில் வந்து முடிகிறது. மாதக் கடைசியில் மளிகைக் கணக்கு எழுதி, எண்ணெய் விலை ஏறினால் எதைக் குறைப்பது என்று பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த இன்பத்தை விளக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டில் செய்ததை ஒரு நாட்டில் செய்கிறோம், அவ்வளவுதான். இந்தத் திறமைக்கு நம்மில் யாருக்கும் யாரும் நாடு கொடுத்ததில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்த விளையாட்டில் மக்கள் இரண்டு வகை. உழைப்போர், சார்ந்திருப்போர். தொடக்கத்தில் நாலில் ஒருவர் உழைப்போர். மற்ற மூவர் சார்ந்திருப்போர். குழந்தைகள், முதியவர்கள், பெண்களில் பெரும்பாலோர் எல்லாரும் இந்த இரண்டாம் எண்ணுக்குள் அடக்கம். அந்த எண்ணுக்குள் பெண்கள் எத்தனை பேர் என்று கேட்டால் விளையாட்டிடம் பதில் இல்லை. கத்தோலிக்கர் எத்தனை, புராட்டஸ்டண்டுகள் எத்தனை, குமாஸ்தாக்கள் எத்தனை என்று மாகாணவாரியாகச் சொல்லும். பெண் என்ற தலைப்பில் மட்டும் பத்தி இல்லை. சார்ந்திருப்போருக்குச் சில்லறை வேலைகளால் வருவதாக ஒரு சிறு வருமானம் உண்டு. யாருக்கு, எந்த வேலைக்கு என்பது சொல்லப்படுவதில்லை.

பெண்கள் வெளிப்படுவது சட்டப் பக்கத்தில். அங்கே ஓர் ஏணி இருக்கிறது. அடியில், பெண் ஓர் ஆணின் சட்டப் பாதுகாப்பில் இருக்கும் நிலை. மேலே சொத்துரிமை, அதற்கு மேல் வேலைக்குப் போகும் உரிமை, உச்சியில் வாக்குரிமை. நான் பெரும்பாலும் ஸ்வீடனைத்தான் எடுத்துக்கொள்வேன். சின்ன நாடு, இரும்பும் மரமும் உண்டு, யாரும் சட்டென்று படையெடுக்க மாட்டார்கள். ஆட்டம் தொடங்கும் 1836-இல் ஸ்வீடனில் திருமணமாகாத பெண் எந்த வயதிலும் சட்டப்படி மைனர். ஃப்ரெட்ரிகா பிரேமர் அப்போதே நாடறிந்த நாவலாசிரியர். குடும்பச் சொத்தை அவருடைய சகோதரர் கரைத்துக்கொண்டிருந்தார். அவர்தான் சட்டப்படி பாதுகாவலரும். 1840-இல் பிரேமரும் அவர் தங்கையும் தங்களை மேஜராக அறிவிக்கும்படி மன்னரிடம் விண்ணப்பித்தார்கள். அப்போது பிரேமருக்கு நாற்பது வயதை ஒட்டி இருக்கும். 1856-இல் 'ஹெர்த்தா' என்ற நாவலை எழுதினார். நாடாளுமன்றம் வரை அதைப் பற்றிய விவாதம் போனது. 1858-இல் சட்டம் மாறியது: இருபத்தைந்து வயதான, மணமாகாத பெண் நீதிமன்றத்தில் விண்ணப்பித்து மேஜராகலாம். 1863-இல் விண்ணப்பமும் தேவையில்லை என்றானது. மணமான பெண்கள் கணவனின் பாதுகாப்பிலிருந்து வெளியே வர இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. நாடாளுமன்றத் தேர்தலில் ஸ்வீடன் பெண்கள் முதலில் வாக்களித்தது 1921-இல்.

திரையில் இதெல்லாம் ஒரு சதவிகிதம். நிலக்கிழார்களும் தேவாலயத்தாரும் எதிர்ப்பார்கள், படித்தவர்களின் அணி ஆதரிக்கும். சட்டம் நிறைவேற இத்தனை வாய்ப்பு, தேங்கிப்போக இத்தனை வாய்ப்பு என்று வரும். பகடை உருளும். ஒருமுறை மூன்று தடவை முயன்றும் நிறைவேறாமல் போய், இரவு ஒரு மணிக்கு மேசையில் கைதட்டிச் சபித்திருக்கிறேன். அந்தக் கோபம் உண்மையானது.

ஆனால் எதற்காகக் கோபம்? அங்கேதான் எனக்குச் சங்கடம் தொடங்குகிறது. எனக்கு அந்தச் சட்டம் தேவைப்பட்டது என் சுரங்கங்களுக்கு ஆள் போதவில்லை என்பதால். ஏணியில் மேலே போகப் போகச் சார்ந்திருப்போர் குறைவார்கள், உழைப்போர் கூடுவார்கள். காலியாகக் கிடக்கும் ஆலைகள் நிரம்பும், வரி கூடும், நாட்டின் மொத்த உற்பத்தி என்ற பச்சைக் கோடு செங்குத்தாக ஏறும். பெண் விடுதலை இந்த விளையாட்டில் மிக லாபகரமான முதலீடுகளில் ஒன்று. குடியானவர்கள் ஏராளமாக இருந்து ஆலைகள் குறைவாக இருக்கும் காலத்தில் அந்தச் சட்டத்தை யாரும் தேடிப் போவதில்லை. நானும் போவதில்லை.

இதை விளையாட்டின் குற்றமென்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது. நம் பக்கத்து வாதங்களிலும் இது எப்போதும் இருந்திருக்கிறது. ஜான் ஸ்டூவர்ட் மில் 1869-இல் பெண்களின் அடிமைத்தனத்தைப் பற்றி எழுதிய நூலில், பெண்களின் அறிவையும் சேர்த்துக்கொண்டால் மனித குலத்துக்குக் கிடைக்கும் அறிவின் அளவு இரட்டிப்பாகும் என்பதையும் ஒரு பயனாகக் காட்டுகிறார். நீதியைத்தான் முதலில் சொல்கிறார். இருந்தும் லாபக் கணக்கு கூடவே வருகிறது. இன்றைக்கும் பெண்கள் வேலைக்கு வந்தால் வளர்ச்சி விகிதம் எவ்வளவு கூடும் என்று காட்டாமல் ஒரு கருத்தரங்கு முடிகிறதா? கேட்பவர் நிதியமைச்சராக இருந்தால் அந்த வாதம் பலிக்கும், சரி. பலிக்காத வருடத்தில் என்ன செய்வது? ஆலையில் ஆள் மிஞ்சிப்போகும் வருடத்தில் ஒரு பெண் தன் சொத்துக்குத் தானே கையெழுத்துப் போடலாமா கூடாதா? பிரேமர் மன்னரிடம் கேட்டது தன் சொத்தைத் தன் கையில் வைத்துக்கொள்ள. அவர் உற்பத்திக்கு என்ன சேர்த்தார் என்பது கேள்வியே அல்ல.

ஏணி என்ற உருவகத்தையே நான் நம்புவதில்லை. 1830-களில் லங்காஷயர் பருத்தி ஆலைகளில் வேலை செய்தவர்களில் பாதிக்கு மேல் பெண்களும் சிறுவர்களும்தான். வேலைக்குப் போகும் உரிமை என்ற படியை எட்டாமலேயே அவர்கள் தறிக்கு முன் நின்றார்கள். நிலக்கரிச் சுரங்கத்தில் பெண்கள் இடுப்பில் சங்கிலி கட்டி வண்டி இழுத்தார்கள். 1842-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் போட்டு அவர்களை நிலத்தடி வேலையிலிருந்து வெளியேற்றியது. அது கருணையா, கூலி பறிப்பா என்ற சண்டை இன்னும் முடியவில்லை. இரண்டும்தான் என்று நான் நினைக்கிறேன். ஒரு குறிப்பிட்ட வேலையிலிருந்து மட்டும் பெண்களை வெளியே தள்ளும் தனிச் சட்டம் எதுவும் விளையாட்டின் பட்டியலில் இல்லை. ஒரே ஏணியில் ஏறுவதும் இறங்குவதும் மட்டுமே அதற்குத் தெரியும்.

இதே கணக்கைத்தான் அது உலகம் முழுவதற்கும் போடுகிறது. வரைபடத்தில் சென்னை மாகாணம் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் கீழே, பிரிட்டிஷ் சந்தைக்குள்ளே. அங்கேயும் பெரும்பாலோர் சார்ந்திருப்போர். தஞ்சாவூர் வயலில் நாற்று நட்டது யார், களை பறித்தது யார், பண்ணையாளின் மனைவியும் மகளும் பண்ணைக்கு உழைக்கவில்லையா என்று திரையைப் பார்த்துக் கேட்கத் தோன்றும். வீட்டுக்குள் உட்கார்ந்து கணவன் சம்பளத்தில் வாழும் மனைவி என்பது ஐரோப்பிய நடுத்தர வர்க்கத்தின் ஒரு கனவு. நம்மூரில் அது உயர்சாதிகளின் பெருமை. தலித் பெண்களுக்கு அந்த 'சார்ந்திருத்தல்' ஒரு நாளும் வாய்த்ததில்லை. 2024-இல் இந்தியாவை மையமாக வைத்து ஒரு விரிவாக்கம் வந்தது. அதையொட்டிச் சாதியையும் விளையாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். யாருடைய பெண்கள் வயலில் நின்றார்கள் என்ற கேள்வியை அது தொடவில்லை.

விளையாட்டின் சந்தையைக் கூர்ந்து பார்த்தால் இன்னொன்று தெரியும். ஏழைக் குடும்பங்கள் தானியம் வாங்குகின்றன. யாரும் உலை வைப்பதில்லை. துணி வாங்குகின்றன, உடைத் தேவை தீர்ந்துவிடுகிறது, தைத்தது யாரென்று தெரியாது. விறகு வாங்குகின்றன, வீடு சூடாகிவிடுகிறது. பொருளுக்கும் தேவைக்கும் நடுவே இருக்கும் அந்த இடைவெளியில்தான் உலகத்துப் பெண்களின் பகல் முழுவதும் போனது. அந்த இடைவெளிக்கு விளையாட்டில் நேரமே கிடையாது. ஆகவே பெண்கள் ஆலைக்குப் போனாலும் வீட்டில் எதுவும் குறைவதில்லை. கூலி கூடுகிறது, வாழ்க்கைத் தரம் ஏறுகிறது, சோறு தானாக வேகிறது.

இதைக் கண்டுபிடித்தவர்கள் ஸ்டாக்ஹோமில் இருக்கும் நிரலாளர்கள் அல்ல. அவர்கள் நகலெடுத்த பத்தொன்பதாம் நூற்றாண்டே இப்படித்தான் எண்ணக் கற்றுக்கொண்டது. இங்கிலாந்தின் 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டுவேலை செய்யும் மனைவியருக்குத் தொழில் வகைகளுக்குள் ஓர் இடம் இருந்தது. 1881-இல் அவர்களை 'தொழிலற்றோர்' பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். முப்பது ஆண்டுகளில் அடுப்பு அணைந்துவிடவில்லை. பத்தியின் தலைப்பு மாறியது. அமெரிக்காவில் 1878-இலேயே பெண்கள் அமைப்பு ஒன்று, வீட்டைப் பராமரிப்பவர்களை உழைப்பாளிகளாகவே கணக்கெடுப்பு மதிப்பதில்லை என்று நாடாளுமன்றத்துக்கு எழுதியது. நியூசிலாந்தின் மேரிலின் வாரிங் 1988-இல் ஒரு முழு நூலையே இதற்காக எழுதினார். நாடுகளின் வருமானக் கணக்கு முறை பெண்களின் ஊதியமற்ற உழைப்பை எப்படி ஒன்றுமில்லாததாக்குகிறது என்பதை உறுப்பு உறுப்பாகப் பிரித்துக் காட்டினார். இந்தியாவின் 2001 கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர்களோடும் கைதிகளோடும் ஒரே வகையில் வைத்திருந்ததை 2010-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் கடிந்துகொண்டது.

ஆக, விளையாட்டில் இரண்டு வகைப் பழுதுகள். படை காணாமல் போனால் ஆயிரம் பேர் புகார் எழுதுவார்கள். அடுத்த திருத்தத்தில் சரிசெய்வார்கள். சமையல் காணாமல் போனதற்குப் புகார் எழுதினால் அது வடிவமைப்பு என்பார்கள். எது பிழை, எது இயல்பு என்று பிரிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பாடநூலும் எனக்குக் காட்டியதில்லை. இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: குதிரையும் வாளும் மட்டும் உள்ள எளிய போர் விளையாட்டில் இந்த ஓட்டை கண்ணுக்குப் பட்டிருக்காது. அங்கே சமையல் இல்லை, சாப்பாடும் இல்லை. எல்லாரையும் எண்ணிவிடத் துணிந்த ஒன்றில்தான் எண்ணாமல் விட்ட இடம் பளிச்சென்று தெரிகிறது. அந்தத் துணிச்சலுக்காகவே இதை எனக்குப் பிடிக்கிறது.

பிரிட்டனாக ஆடும்போது மட்டும் என் கை தயங்கும். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் தாக்கிய பஞ்சத்தில், ஏற்றுமதிக்கான தானிய மூட்டைகள் சென்னைக் கடற்கரையில் அடுக்கிக் கிடந்த ஒரு புகைப்படம் இருக்கிறது. அதே 1877-இல் சர் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக்குக் கூலி நிர்ணயித்தார்: ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியம், கூடவே ஓர் அணா. பெண்ணுக்கு அதைவிடச் சற்றுக் குறைவு. அரசாங்கம் எண்ணும்போது என்ன நடக்கும் என்பதற்கு இது உதாரணம். நம்மை எண்ணவில்லை என்பது ஒரு குறை. எண்ணியவர்கள் குறைத்து எண்ணினார்கள் என்பது இன்னொன்று. நானும் திரையில் சென்னையின் தானிய விலையைப் பார்த்து, லண்டனில் ரொட்டி மலிவாகட்டும் என்று வணிகத்தைத் திருப்பியிருக்கிறேன். மேலிருந்து பார்க்கும் இன்பம் என்பது இதுதான். அது ஆண்களுக்கு மட்டும் வாய்க்கும் நோய் அல்ல. நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் வரும். இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்திருந்தேன். சொடுக்கிய விரலால் தெரிந்துகொள்வது வேறு.

அப்படியானால் ஆடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பெண்ணின் இன்பத்துக்கு மட்டும் எப்போதும் ஒரு நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கப்படுகிறது. கிரிக்கெட் பார்க்கும் ஆணிடம் யாரும் அதன் காலனிய வரலாற்றுக்குக் கணக்குக் கேட்பதில்லை. 2019-இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டுவேலை செய்த பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். செய்த ஆண்கள் 97 நிமிடம். ஐந்து மணிநேரம் போன பிறகு மிஞ்சும் நேரத்தில் ஒரு பெண் ஸ்வீடனை ஆள்கிறாள் என்றால் ஆளட்டும். என் சங்கடத்தை நான் வைத்துக்கொள்கிறேன். அதை வேறு யாரும் என் மேல் விதிக்க வேண்டாம். சங்கடமும் இன்பமும் ஒரே மேசையில் உட்கார முடியாது என்பது எனக்கு ஒத்துவருவதில்லை.

சில இரவுகளில் நானே இதை மனத்தில் மாற்றி எழுதிப் பார்க்கிறேன். ஒவ்வொரு குடும்பத்துக்கும் நேரம் என்று ஒரு பத்தி சேர்க்க வேண்டும். தண்ணீர் எடுக்க எத்தனை மணி, மாவரைக்க எத்தனை மணி, பிள்ளையைத் தூங்கவைக்க எத்தனை மணி. ஆலைக்குச் சட்டம் திறந்துவிட்டால் அந்த மணிகள் குறையும், வீட்டில் எதுவோ நின்றுபோகும், வாழ்க்கைத் தரம் விழும். ஆட்டக்காரர் அப்போது குழாய் போட வேண்டும், குழந்தைகள் காப்பகம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஆண்களை அடுப்படிக்கு அனுப்பும் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து நிலக்கிழார்களோடும் தொழிற்சங்கத்தோடும் ஒருசேர மல்லுக்கட்ட வேண்டும். அந்தச் சட்டத்துக்கு எத்தனை சதவிகித வாய்ப்பு வரும் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது. நூறு கோடிப் பேரின் அடுப்பையும் கணக்கில் எடுத்தால் என் மடிக்கணினி 1850-ஐத் தாண்டாது. தாண்டும்வரை விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.